கேளுங்கள், தோண்டிப் பார்ப்போம்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ரோம் நகரத்தில் சுற்றுப்பயணிகள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிற ஒரு சதுக்கத்துக்கு அடியில் பழைய ஓட்டப்பந்தயத் திடல் புதைந்து கிடக்கிறது என்று. அவ்வளவுதான். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வேறு, அதில் ஒன்று ஏழு நிமிடம், பாதி நேரம் பின்னால் சேவல் கூவுகிறது. கெடா மாநிலத்துப் பீடோங்கில் நான் வழக்கமாகப் பசியாறுகிற கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர்கூட, "என்ன வாத்தியாரே, ரோமில் திடல் காணாமப் போச்சாமே" என்று கேட்டுவிட்டார். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். ராசிபலன் கேட்டவர்களும் மருமகள் பஞ்சாயத்து எழுதியவர்களும் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, அந்த வரியை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், "டீச்சர், அவ்ளோ பெரிய திடல் எப்படி மண்ணுக்குள்ள போச்சு? அமுங்கிடுச்சா?" என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை பட்டாணி

பதில்: அமுங்கவில்லை டீச்சர். திடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஊர்தான் மெல்ல மெல்ல மேலே ஏறிப் போய்விட்டது. பையனுக்கு ரோமைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் படியைச் சொல்லுங்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கோயிலுக்கு ஐந்து படி. நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் தீமிதி அன்றைக்குப் பெரியவர்கள் மேல்படிகளைப் பிடித்துக்கொள்வார்கள், எங்களுக்குக் கடைசிப் படிதான் கிடைக்கும். அப்போது கோயிலுக்கு முன்னால் செம்மண் பாதை. மழைக்குச் சேறாகிறது என்று சரளைக்கல் கொட்டினார்கள். அப்புறம் தார் வந்தது. அப்புறம் தேர்தலுக்குத் தேர்தல் தார்மேல் தார். இப்போது போய்ப் பார்த்தால் மூன்று படிதான் இருக்கிறது. யாரும் குழி வெட்டிப் படியைப் புதைக்கவில்லை, புதைந்ததே யாருக்கும் தெரியாது. போன வருடம் தண்ணீர்க் குழாய் போடுவதற்காகத் தெருவைக் கீறியபோது எட்டிப் பார்த்தேன். கறுப்பாக ஓர் அடுக்கு தார், அதற்குக் கீழே இன்னொரு தார், பிறகு சரளை, கடைசியில் சிவப்பு மண். அந்தச் சிவப்பு மண்ணோடு ஒட்டியபடி எங்கள் கடைசிப் படி, தேங்காய் உடைத்து உடைத்து மூளியாகிப்போன அதே மூலையோடு!

ரோமிலும் இதேதான், காலம் மட்டும் நீளம். டைபர் ஆறு கரைபுரண்டு வந்து வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். வீடு எரியும், இடியும். இடிந்ததை அள்ளிக்கொண்டு போக அந்தக் காலத்தில் லாரியா இருந்தது? தட்டிச் சமப்படுத்தி அதன்மேலேயே அடுத்த வீட்டைக் கட்டிவிடுவார்கள். சாம்பல், உடைந்த பானை, ஓடு, சாணி எல்லாம் ஊருக்குள்ளேயே தங்கிவிடும். இப்படியே 1900 வருடம் ஓடினால்? இன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் நிற்கிறவர் காலுக்கும் பழைய திடலின் தரைக்கும் நடுவே சுமார் நாலரை மீட்டர் இருக்கிறது. நம் பழைய லயத்து வீடு ஒன்றை அப்படியே உள்ளே இறக்கி வைத்தால் கூரை முகடுதான் தலைகாட்டும்.

கேள்வி: அண்ணே, நீங்கள் சொல்வது கொலோசியம்தானே? சிங்கம், கத்திச்சண்டை எல்லாம் படத்தில் பார்த்திருக்கிறேன். அது மண்ணுக்கு மேலேதானே நிற்கிறது?
– லாரி ஓட்டுநர், கூலிம்

பதில்: இல்லை தம்பி, எல்லாரும் இங்கேதான் சறுக்குவோம். நீங்கள் சொல்கிற கொலோசியம் முட்டை வடிவத்தில் சுற்றிலும் அடைத்துக் கட்டியது, கத்திச்சண்டைக்கும் மிருக வேட்டைக்கும் உள்ள இடம். குதிரைத் தேர் ஓட்டத்துக்கு வேறு இடம், அதற்குப் பெயர் சர்க்கஸ். ரோமின் பெரிய சர்க்கஸ் 600 மீட்டருக்கு மேல் நீளம், யானையும் கோமாளியும் வருகிற சர்க்கஸ் இல்லை. மூன்றாவதுதான் ஸ்டேடியம். மனிதன் ஓடுவதற்கு, மல்லுக்கு, குத்துச்சண்டைக்கு, வட்டெறிவதற்கு.

நாம் இன்றைக்குப் பந்து விளையாடுகிற எல்லா அரங்கத்தையும் ஸ்டேடியம் என்கிறோமே, அந்தச் சொல் முதலில் ஒரு தூரத்தின் பெயர். கிரேக்கர்களின் 600 அடி ஒரு ஸ்டேடியன். ஊருக்கு ஊர் அடிக்கோல் கொஞ்சம் மாறும், அதனால் ஒலிம்பியாவில் ஓடுபாதை 192 மீட்டர், வேறோர் ஊரில் 180க்குப் பக்கம். தோட்டத்துத் தீபாவளி விளையாட்டுப் போட்டியில் 'இந்தக் கோல் கம்பத்திலிருந்து அந்தக் கோல் கம்பம் வரை' என்று ஓடவிடுவார்களே, அந்த மாதிரி ஓடுகிற தூரம்தான் கடைசியில் இடத்துக்கே பெயராகி நின்றுவிட்டது.

நான் எழுதிய அரங்கத்தைக் கட்டியவர் டொமிஷியன் என்கிற பேரரசர். கி.பி. 86இல் திறந்தார். சுமார் 275 மீட்டர் நீளம், 106 மீட்டர் அகலம், ஒரு முனை நேர், மறுமுனை வளைவு, கொண்டை ஊசி மாதிரி. ரோமில் ஓட்டத்துக்கும் மல்லுக்கும் என்றே செங்கல்லிலும் கல்லிலும் நிலையாகக் கட்டிய முதல் இடம் அதுதான். எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதில் பதினைந்தாயிரம் என்பாரும் உண்டு, முப்பதாயிரம் என்பாரும் உண்டு. கிரேக்கப் பாணியில் துணியில்லாமல் ஓடுகிற விளையாட்டு என்பதால் ரோமானியப் பெரியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 217இல் கொலோசியத்தில் இடி விழுந்து தீப்பிடித்ததும் கத்திச்சண்டையைக் கொஞ்ச வருடம் இங்கேதான் வைத்தார்கள். ஆக, நீங்கள் படத்தில் பார்த்ததும் ஒரு காலத்தில் இங்கே நடந்ததுதான், உங்களைப் பாதி தப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. விளையாட்டு நின்றுபோய், இருக்கைக் கல்லை எல்லாம் ஊர்க்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போன பிறகும் அந்த வடிவம் போகவில்லை. இருக்கைகளைத் தாங்கிய வளைவுகள் மிஞ்சின. அவற்றுக்குள் ஒருவர் கடை வைத்தார், இன்னொருவர் குடியேறினார், மேலே ஒருவர் மாடி எழுப்பினார். எல்லாரும் இருக்கைகள் இருந்த விளிம்பிலேயே கட்டினார்கள், நடுவில் இருந்த ஓடுபாதையில் யாரும் கை வைக்கவில்லை. அந்த வெற்றிடம்தான் இன்றைய நவோனா சதுக்கம். மேலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள், அதே நீளம், வடக்கு முனையில் அதே வளைவு. பெயரும் ஒட்டிக்கொண்டது. போட்டிக்குக் கிரேக்கத்தில் 'அகோன்'. 'இன் அகோனே' என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்து 'நவோனே' ஆகி, கடைசியில் 'நவோனா' ஆனது. மலாய்ப் பெயர்களை நம் தாத்தாக்கள் தேய்த்த தேய்ப்பைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது.

கேள்வி: அந்தச் சதுக்கத்து நீரூற்றில் நம் கங்கை இருக்கிறாளாமே?
– பணி ஓய்வுபெற்ற தாதி, தைப்பிங்

பதில்: இருக்கிறாள் இல்லை அக்கா, இருக்கிறான். பெர்னினி என்கிற சிற்பி 1651இல் முடித்த நாலு நதிகள் நீரூற்று அது. நைல், டான்யூப், ரியோ டி லா பிளாட்டா, கங்கை. நாலுமே ஆண்கள். கங்கை கையில் நீளமான துடுப்போடு சாய்ந்திருக்கிறார். கங்கையில் படகு நிறைய ஓடும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள்.

கேள்வி: ஐயா, என் மகள் பல்கேரியாவில் புளோவ்டிவ் நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். வீடியோ காலில் ஒரு கடைத்தெருவைக் காட்டி, "அம்மா, நான் இப்போ ஸ்டேடியம் மேல நடக்குறேன்" என்கிறாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா, நிஜமா? நிஜம் என்றால் தெரு உள்வாங்கிவிடாதா? எனக்குத் தூக்கமே இல்லை.
– குடும்பத்தலைவி, பாடாங் செராய்

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. மகள் சொன்னது நிஜம், தெருவும் விழாது, ஏனென்றால் அடியில் பொந்து எதுவும் இல்லை, மண்ணும் கல்லும் கெட்டித்துப் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் மகள் நல்ல ஊரில்தான் படிக்கிறாள். அந்த ஊருக்குப் பழைய பெயர் பிலிப்போபொலிஸ், மாவீரன் அலெக்சாந்தரின் அப்பா பிலிப் பெயரில் வந்தது. பிறகு ரோமானியர் கைக்குப் போனது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், பேரரசர் ஹேட்ரியன் ஆண்ட காலத்தில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தைப் பார்த்து அங்கே ஸ்டேடியம் கட்டினார்கள். புத்திசாலித்தனமான வேலை, சரிவு ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் இருக்கைகளைப் பதித்தால் போதும். சுமார் 240 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், பதினான்கு வரிசை பளிங்கு இருக்கை, முப்பதாயிரம் பேர் வரை உட்காரலாம். இருக்கைக் கல்லின் ஓரத்தில் சிங்கத்தின் பாதம் செதுக்கியிருக்கிறார்கள், நம் தாத்தா காலத்து நாற்காலிக் கால் மாதிரி.

ஊர் மேலே ஏறிய கதை இங்கேயும் உண்டு, அதைத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் பள்ளம் பள்ளம்தானே, இரண்டு குன்றுக்கு நடுவே ஆள் நடக்க வேறு வழி ஏது? அதனால் ஸ்டேடியம் மூடிய பிறகும் ஜனங்கள் அதே நீளவாக்கில் நடந்தார்கள். அதுவே தெருவானது, பிறகு ஊரின் பெரிய கடைத்தெருவானது. உங்கள் மகள் செருப்பு வாங்கப் போகிற பாதையும், என்றோ ஒருவன் மூச்சிரைக்க ஓடிய பாதையும் ஒரே கோடு, உயரம்தான் வேறு.

1923இல்தான் அது என்ன இடம் என்று கண்டுபிடித்தார்கள். 1970களில் வடக்கு முனையின் வளைவை நன்றாகத் தோண்டித் திறந்துவிட்டார்கள், ஒட்டோமான் காலத்து ஜுமாயா மசூதிக்குப் பக்கத்திலேயே, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்க்கலாம். கீழே வெள்ளைப் படிவரிசை, மேலே கோப்பிக்கடைக் குடைகள். மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி இன்னும் கடைகளுக்கு அடியில். ஒரு துணிக்கடையில் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் பழைய இருக்கை வரிசை கண்ணில் படும், அதை மூடாமல் விட்டிருக்கிறார்கள். மகளை அங்கே போய் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சட்டை வாங்கிக்கொண்டு வருகிற சாக்கு அவளுக்கும் கிடைத்த மாதிரி இருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், அந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் பொத்திப் பொத்திக் காத்த மகான்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஏழு குன்று இருந்த ஊர் அது. ஒரு குன்றை முழுசாக உடைத்துத் தெருவுக்குப் பாவுகல் ஆக்கிவிட்டார்கள். இப்போது குன்று இருந்த இடத்தில் பேரங்காடி. கேட்ட மாதிரி இருக்கிறதா?

கேள்வி: வணக்கம் அண்ணே. நான் பேக்கோ, அதாவது மண் தோண்டுகிற இயந்திரம், ஓட்டுகிறேன். தொல்லியல்காரர்கள் பிரஷ்ஷையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு ஒரு குழிக்கு மூன்று வருடம் எடுக்கிறார்கள். எனக்குக் கொடுத்தால் ஒரு திடலை அரை நாளில் தோண்டித் தருவேன். எதற்கு இந்த மெனக்கெடல்?
– லூனாஸ்

பதில்: தருவீர்கள் தம்பி, அதுதான் பயமே!

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அவர்களும் பேக்கோ வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். மேலே இருக்கிற தார், சிமெண்டு, நேற்றுக் கொட்டிய மண் இவற்றுக்கெல்லாம் யாரும் பிரஷ் பிடிப்பதில்லை. பல்லில்லாத அகல வாளியைப் போட்டு, உங்களை மாதிரி கை பழகிய ஆளை வைத்து, வெண்ணெய் வழிக்கிற மாதிரி மெல்ல வழிக்கச் சொல்வார்கள். பக்கத்திலேயே ஒருவர் மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நிறம் மாறியதும் கையைத் தூக்குவார், இயந்திரம் நிற்கும், ஆட்கள் கரண்டியோடு இறங்குவார்கள்.

ஏன் நிறம்? அதுதான் மொத்த வித்தையும். ஒரு மரக்கம்பத்தை மண்ணில் நட்டால் அது இருபது வருடத்தில் மக்கிப்போகும், கம்பம் இருக்காது. ஆனால் அது நின்ற குழியில் வேறு மண் விழுந்து நிரம்பியிருக்கும், மரம் மக்கிய கறுப்பும் சேரும். மேலிருந்து சீவிக்கொண்டே போனால் வெளிறிய மண்ணில் வட்டமாக ஒரு கறுப்புத் திட்டு தெரியும், தட்டில் குழம்பு சிந்திய மாதிரி. அந்த வட்டம்தான் கம்பம். ஆயிரம் வருடம் ஆனாலும் தெரியும். பேக்கோ பல் ஒரு தடவை அதன்மேல் போனால் முடிந்தது, அப்புறம் பிரம்மா வந்தாலும் அங்கே கம்பம் இருந்ததென்று சொல்ல முடியாது.

கோயில் படி கதையில் சொன்னேனே, தார், சரளை, செம்மண் என்று அடுக்கு. கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. எந்த அடுக்கில் எந்தக் காசு கிடந்தது, எந்தப் பானை ஓடு கிடந்தது என்று எழுதி வைத்தால்தான் அடுக்குக்கு வயது சொல்ல முடியும். எல்லாவற்றையும் ஒரே வாளியில் அள்ளிக் கொட்டினால் காசு கையில் இருக்கும், கதை போய்விடும். நகரத்துக்கு அடியில் தோண்டுவதில் கூடுதல் தொல்லை நிலத்தடி நீர், சாக்கடைக் குழாய், பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளம். குழியின் பக்கச் சுவருக்கு முட்டுக்கொடுத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே வேலை செய்வார்கள். பல இடங்களில் ஒரு பகுதியைத் தோண்டிவிட்டு மீதியை வேண்டுமென்றே தொடாமல் விடுவார்கள். நாளைக்கு நம்மைவிட நல்ல கருவியோடு ஒருவன் வருவான் என்று.

அப்புறம், அவர்கள் தேடிப் போய்க் கண்டுபிடிப்பது குறைவு, உங்களை மாதிரி ஆட்கள் கட்டடம் கட்டத் தோண்டும்போது அகப்படுவதே அதிகம். லண்டனில் ரோமானிய அரங்கம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தேடினார்கள். 1988இல், கில்ட்ஹால் என்கிற பழைய நகரமன்றக் கட்டடத்தின் முற்றத்தில் ஓவியக் காட்சிக்கூடம் கட்டுவதற்கு முன்னால் தோண்டியபோது, வளைந்த கற்சுவராக வந்து நின்றது. இன்றைக்கு அந்த முற்றத்தின் தரையில் கறுப்புக் கல்லால் வளைகோடு போட்டிருக்கிறார்கள், அரங்கம் எதுவரை வந்தது என்று காலடியிலேயே தெரியும். 2004இல் கோல்செஸ்டர் ஊரில் பழைய ராணுவ நிலத்தை வீடமைப்புக்கு மாற்றுகிறபோது தேரோட்டச் சர்க்கஸ் அகப்பட்டது, பிரிட்டனில் தெரிந்த ஒரே ரோமானிய சர்க்கஸ் அது.

தம்பி, உங்கள் வாளியில் பழைய செங்கல் வரிசையோ செதுக்கிய கல்லோ தட்டுப்பட்டால் நிறுத்துங்கள். இங்கே மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது, அப்படிக் கிடைத்தால் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ சொல்லிவிட வேண்டும். மேலாளர் திட்டுவார்தான். திட்டட்டும்.

கேள்வி: ரோமுக்கும் லண்டனுக்கும் போய்விட்டீர்கள். காலடியில் இருக்கிற பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?
– பல்கலைக்கழக மாணவி, பினாங்கு

பதில்: நியாயமான கோபம் தங்கச்சி. பீடோங்கிலிருந்து மெர்போக் போகிற சாலையில்தான் சுங்கை பத்து. 2009இலிருந்து உங்கள் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அங்கே தோண்டுகிறார்கள். முன்பு செம்பனையும் கித்தாவும் நின்ற நிலம். அங்கே கிடைத்தது இரும்பு உருக்கிய உலைகள், ஊதுகுழல் துண்டுகள் குவியல் குவியலாக, செங்கல் கட்டுமானங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அந்த மண்ணில் வருடக்கணக்கில் பால் வெட்டியிருக்கிறார்கள். காலில் இடறியதை வெறும் ஓட்டாஞ்சில்லி என்று எட்டி உதைத்ததாக ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் புக்கிட் பத்து பகாட் சண்டி, அதாவது பழங்காலக் கோயில், நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். 1930களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவியும் இந்தப் பள்ளத்தாக்கில் இடம் இடமாகத் தேடி எண் போட்டு வைத்தார்கள், இது எட்டாம் எண். 1960இல் கல்லை அடுக்கி மறுபடி எழுப்பினார்கள். பதினோராம் எண்ணுக்கு அந்த யோகம் இல்லை. வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அது போய்விட்டது, 2013 கடைசியில்தான் செய்தி வெளியே வந்து நாடே பேசியது. பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் ஏறாத இடம், தனியார் நிலம். யார் குற்றம் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னை உறுத்துவது வேறு. எண் போட்டு, படம் வரைந்து, புத்தகத்தில் எழுதி எழுபது வருடத்துக்கு மேல் ஆன இடம் அது. மண்ணுக்கு அடியில் தெரியாமல் இருந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம்.

கேள்வி: ரோமானியருக்கும் நம் ஆட்களுக்கும் தொடர்பு உண்டா?
– ஈப்போ

பதில்: நிறைய. புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளும் திராட்சை மது வந்த ஜாடிகளும் கிடைத்தன. தமிழ்நாட்டில் ரோமானியக் காசு புதையலாகவே அகப்பட்டிருக்கிறது. நம்மிடமிருந்து மிளகு போனது, அவர்களிடமிருந்து பொன் வந்தது. பொன் இப்படிப் போகிறதே என்று அங்கே ஒரு பெரியவர் புலம்பியே வைத்திருக்கிறார்.

கேள்வி: ஐயா, நான் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், வயது எழுபத்திரண்டு. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, காலையில் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களம், திடல் எல்லாம் போய் இப்போது தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, ஆகிவிட்டது. அதிலேயே ஒரு வீடு வாங்கிக் குடியிருக்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி அடுப்படியைப் பின்னால் இழுத்துக் கட்டத் தோண்டினார். இரண்டடி ஆழத்தில் சிமெண்டு உருண்டையும் அதற்குள் அறுத்துவிட்ட இரும்புக் குழாயும் வந்தது. குழாயில் வெள்ளைச் சாயம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது எங்கள் கோல் கம்பமாக இருக்குமா? நாங்கள் விளையாடிய திடலுக்கு மட்டும் ஏன் ரோம் மாதிரி ஒரு கோடுகூட மிஞ்சவில்லை?
– பீடோங் அருகில்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் ஐயா. இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நவோனாவில் திடல் மிஞ்சியதற்குக் காரணம் ரோமானியர் நம்மைவிடப் பாசக்காரர்கள் என்பது இல்லை. அங்கே நிலம் நூறு கையில் இருந்தது. ஒரு வளைவு மாவு விற்பவரிடம், அடுத்த வளைவு ஒரு மடத்திடம், அதற்கடுத்தது ஒரு விதவையிடம். தன் பங்கை ஒருவர் இடித்தால் பக்கத்துக்காரர் அப்படியே நிற்பார், அவர் கட்டும்போது இவர் சுவரோடு சேர்த்துத்தான் கட்ட முடியும். இப்படி ஆயிரம் வருடம் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டே நின்றதில் பழைய கோடு நகரவே இல்லை. லூக்கா என்கிற இத்தாலிய ஊரில் ஒரு சதுக்கமே முட்டை வடிவத்தில் இருக்கிறது, சுற்றி நிற்கிற வீடெல்லாம் பழைய அரங்கத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்பவை. தோட்டத்தில் நமக்கு என்று ஓர் அடி நிலம் எந்தக் காலத்தில் இருந்தது? மூன்று தலைமுறை குடியிருந்த லயமும், விளையாடிய திடலும், பிள்ளையைத் தொட்டில் கட்டிப் போட்ட கொட்டகையும் ஒரே பட்டாவில், ஒரே கையில். அந்தக் கை எழுத்துப் போட்டது, புல்டோசர் வந்தது, ஒரு வாரத்தில் மேடு பள்ளம் எல்லாம் சமம். கோடு மிஞ்ச வேண்டுமென்றால் குறுக்கே நிற்க ஒருவருக்காவது பட்டா இருந்திருக்க வேண்டும். நம் ஆட்களிடம் அது இல்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்திலிருந்து இதே கதைதான்.

இப்போது குழாய். ஆசையில் நான் 'ஆமாம்' என்று சொல்லிவிடலாம், ஆனால் வெள்ளைச் சாயம் அடித்த குழாய் கொடிக்கம்பமாகவும் இருக்கலாம், கைப்பந்து வலை கட்டியதாகவும் இருக்கலாம். பேக்கோ தம்பிக்குச் சொன்னதுதான், ஒரு கம்பம் கம்பம் மட்டும்தான், அதன் ஜோடி கிடைத்தால்தான் கதை. கோல் கம்பம் இரண்டுக்கும் நடுவே 24 அடி. எந்தத் தோட்டத்துத் திடலானாலும் அதில்தான் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், எங்கள் தோட்டத்து எழுத்தர் கிராணியார் டேப் வைத்து அளந்து நின்றது கண்ணில் நிற்கிறது. அதனால் அந்தத் தம்பியிடம் சொல்லி, சிமெண்டை மூடுவதற்கு முன்னால் குழாயின் நடுப்புள்ளியில் ஓர் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 24 அடிக் கயிற்றைப் பிடித்து ஒரு வட்டம் சுற்றுங்கள். திடல் எந்தப் பக்கம் நீண்டது என்று உங்களுக்குத் தெரியும், பெரட்டுக்களம் எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம் என்று நின்று பார்த்தால் ஞாபகம் வந்துவிடும். கம்பங்கள் திடலின் நீளத்துக்குக் குறுக்கே நிற்கும், ஆக வட்டத்தில் இரண்டே இடம்தான் மிஞ்சும். அதில் ஒன்று யாரோ ஒருவருடைய அடுப்படியிலோ பின்சந்துச் சாக்கடையிலோதான் விழும்.

சாக்கடையில் விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம், கரையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாம். அடுப்படியில் விழுந்தால் தரையை உடைக்கச் சொல்லிவிடாதீர்கள், பாவம் அவர்கள் இப்போதுதான் டைல்ஸ் போட்டிருப்பார்கள். எப்படியானாலும் அளவை எழுதி அனுப்புங்கள். அந்தப் பக்கக் கோலில் யார் கீப்பராக நின்றார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.